எல்லைப்புறத்து எருக்குழி

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே செல்லும் புகைவண்டியில் வாளையாற்றைக் கடக்கும்போது, சன்னலோரத்தில் அமர்ந்திருப்பவரின் முகத்தில் வேறொரு காற்று வந்து மோதும். மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கும் தெற்கும் நெடுஞ்சுவராக எழுந்து நிற்க, நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் வாயிலே பாலக்காட்டுக் கணவாய். இவ்வாயில் வழியாகக் காற்று மட்டுமா வந்தது? வணிகரும் நெசவாளரும் உழவரும் ஆலைத் தொழிலாளரும் தலைமுறை தலைமுறையாக வந்துபோனார்கள். கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் கிடைத்த வேலையை முன்னிட்டு நாங்களும் அவ்வழியே வந்தோம். எலப்புள்ளிப் பக்கத்தில் ஒரு சிறு வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குடியேறினோம்.

இப்பகுதியின் வரலாறு புதிதாக வருவோருக்கு வியப்பூட்டுவது. முன்னாளில் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதற்கு அடுத்த சித்தூரோ கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இரண்டும் ஒருங்கே கேரளத்தில் சேர்ந்தன. ஆயினும் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் பல வீடுகளின் பேச்சு இன்றும் தமிழே. அதுவும் கொங்குநாட்டுத் தமிழ். ஆகவே, அயல் மாநிலத்துக்கு வந்துவிட்டோம் என்ற எண்ணம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வேலிக்கு அப்பால் குடியிருந்த முதிய அம்மையார் முதல் நாளே எங்களைக் "கண்ணு" என்று அழைத்தார். நாங்களும் அவரைப் பெரியம்மா என்றே அழைக்கலானோம். இரு வீட்டுக்கும் இடையிலிருந்த வேலியில் ஒரு சிறு சந்து உண்டு. அதன் வழியே அவர் வீட்டுக் கருவேப்பிலையும் வெண்டைக்காயும் இங்கே வரும். எங்கள் வீட்டு வடையும் சுண்டலும் அங்கே போகும்.

இந்த உறவுக்கு நாங்களே ஊறு செய்துகொண்டோம். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

காய்கறித் தோலை வீணாக்காமல் எருவாக்க வேண்டும் என்ற நல்லெண்ணம் எங்களுக்கு இருந்தது, செய்முறைதான் இல்லை. ஆனி மாதத்தில் வேலியோரம் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினோம். கத்தரிக் காம்பு, வாழைத்தோல், முட்டைக்கோசு இலை எல்லாவற்றையும் அதில் கொட்டினோம். அத்துடன் நின்றோமா? மிஞ்சிய சோறும் சாம்பாரும் அதிலேயே போயின. மேலே மூடுவதற்கு ஒரு பிடி மண்கூட இட்டோமில்லை. முதல் வாரத்தில் ஈ மொய்த்தது. இரண்டாம் வாரத்தில் எலி வளை தோண்டிற்று. தென்மேற்குப் பருவமழை வலுத்த அடுத்த திங்களில், உள்ளங்கை அளவுள்ள பழுப்பு நிற நத்தைகள் இருட்டிய பின் சாரை சாரையாக வரத் தொடங்கின.

குழியில் உண்டது போதாமல் அவை வேலி தாண்டின. பெரியம்மா பதியம் வைத்திருந்த மிளகாய் நாற்றும் பப்பாளிக் கன்றும் ஓர் இரவில் காம்பு மட்டும் நின்றன. காலையில் அவர் வந்து எங்கள் குழியையும் தம் பாத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏங்கண்ணு, குழி உங்க வீட்டுல, விருந்து என்ற பாத்தியிலயா?" என்று மட்டும் கேட்டார். வேறு ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாள் அந்த வேலிச் சந்தில் இலந்தை முள் வைத்து அடைக்கப்பட்டிருந்தது.

பிழைக்க வந்த ஊரில் பொருள் இழப்பைத் தாங்கலாம். அண்டை வீட்டாரின் மனம் திரும்புவதைத் தாங்குவது அரிது. இதைப் படிக்கும் குடும்பங்களில் பல இதை அறிந்தே இருக்கும்.

குழியை மூடிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். ஆனால், மூடிவிட்டுக் கழிவை எங்கே போடுவது? கேரளத்தில் நெகிழி முதலியவற்றை ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடுதோறும் வந்து பெற்றுக்கொள்கிறார்கள். சமையற்கட்டுக் கழிவை முடிந்தவரை அவரவர் வீட்டிலேயே மக்கவைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2023 மார்ச்சுத் திங்களில் கொச்சிக்கு அருகே பிரம்மபுரம் குப்பைமேடு தீப்பற்றி, நகரமே பல நாள் புகையில் திணறிய பின்னர், இந்த ஏற்பாட்டின் தேவை எல்லோருக்கும் விளங்கிற்று. ஆகவே கைவிடுவது வழியன்று, கற்றுக்கொள்வதே வழி. நாங்கள் ஊரிலுள்ள கிருஷி பவனுக்குச் சென்றோம்.

அங்கே அறிந்தவை பல. அந்த நத்தைக்கு ஆப்பிரிக்கப் பெருநத்தை என்று பெயர். கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அது, 1847ஆம் ஆண்டில் வங்கத்திற்குக் கொண்டுவரப்பட்டது. கேரளத்தில் அது முதன்முதல் காணப்பட்டதாகச் சொல்லப்படும் இடம் எது தெரியுமா? 1970களில், எங்கள் எலப்புள்ளியே! வெளியூரிலிருந்து வந்து பிறர் பாத்தியை மேய்வதில் அது எங்களுக்கு முன்னோடி போலும் என்று எண்ணி, வெட்கத்திற்கிடையிலும் சிரித்துக்கொண்டோம். ஒரு தடவைக்கு 100 முட்டைக்கு மேல் இடக்கூடியது. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால் எல்லாமே முட்டையிடும். கோடையில் ஓட்டுக்குள் அடைந்து உறங்கி, மழை கண்டவுடன் விழித்தெழும். மூளைச் சவ்வைத் தாக்கும் ஒருவகை நுண்புழுவை அது சுமந்து திரிவதுண்டு. ஆதலால் வெறுங்கையால் தொடலாகாது. குழந்தைகளை விளையாட விடவும் கூடாது.

இன்னும் ஒன்றைக் கண்டோம். குழியைக் கிளறியபோது, கட்டைவிரல் பருமனில், வில்லாக வளைந்து, பழுப்புத் தலையும் வெள்ளை உடலுமாகச் சில புழுக்கள் கிடந்தன. அவை காண்டாமிருக வண்டின் குஞ்சுகள். தென்னங்குருத்தைத் துளைத்துச் சாற்றை உண்பது இவ்வண்டே. விரிந்த பின் மட்டை விசிறிபோலக் கத்தரித்துக் காணப்பட்டால் அது இதன் வேலை. தென்னையை வாழ்வாகக் கொண்ட கிழக்குப் பாலக்காட்டில், மக்கும் எருக்குழியே இவ்வண்டின் தொட்டிலாகிறது! முட்டையிலிருந்து வண்டாவதற்குப் பெரும்பாலும் நான்கு ஐந்து திங்களோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் குழியைக் கிளறிக் காலி செய்துவிட்டால் தொட்டில் கலைந்துவிடும். நாங்களோ ஆண்டுக்கணக்கில் கிடக்கட்டும் என்று எண்ணியிருந்தோம்.

இவ்வாறு பாதி பாடம் கற்ற நிலையில், மார்கழி விடுமுறையில் மூணாற்றுக்குப் பயணம் வாய்த்தது. அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் சிற்றன்னை குடும்பம் மூன்று தலைமுறையாக வாழ்கிறது.

பாலக்காட்டிலிருந்து மூணாறு செல்வோர், கேரளத்திலிருந்து புறப்பட்டுத் தமிழ்நாட்டின் வழியாகச் சென்று மீண்டும் கேரளத்திற்குள் நுழைவது வழக்கம். கொழிஞ்சாம்பாறையைத் தாண்டிக் கோபாலபுரத்தில் எல்லை கடந்தோம். பொள்ளாச்சிக்கு அருகே சாலையின் இருமருங்கும் தென்னை நார் ஆலைகள்; ஆலை முற்றங்களில் செங்குன்றுகள்போல் நார்க்கழிவுக் குவியல்கள். உடுமலைப்பேட்டையில் பேருந்து மாறினோம். சின்னாறு சோதனைச் சாவடியில் மீண்டும் எல்லை. மழை மறைவுப் பகுதியாதலால் அங்கே காடு முள்ளும் புதருமாக வறண்டிருக்கிறது. மறையூரை நெருங்கியதும் சந்தன மரங்கள் வேலிக்குள் காவலுடன் நின்றன. கரும்புத் தோட்டத்துக் கொட்டில்களில் வெல்லப்பாகு காய்ச்சும் மணம் வந்தது. மறையூர் வெல்லம் 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கப்பால் மலை ஏற ஏறத் தேயிலையின் பசுமை ஒன்றே கண்ணுக்குப் புலனாயிற்று.

அப்பசுமைக்குப் பின்னால் ஒரு பெரும் குடிப்பெயர்ச்சி இருக்கிறது. 1877ஆம் ஆண்டில் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையை மன்றோ என்னும் ஆங்கிலேயர் குத்தகைக்குப் பெற்றார். பின்னர்க் காடு திருத்தித் தேயிலை நட்ட கைகளுள் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை சிறு இருப்புப் பாதையில் சென்று, அங்கிருந்து கம்பிவட வழியே போடிப் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இருப்புப் பாதையை அழித்தது. தேவிகுளமும் பீருமேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று 1950களில் கிளர்ச்சி நடந்ததும், அவை கேரளத்திலேயே நிலைத்ததும் முதியோர் அறிந்த செய்திகள். எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும் கொழுந்து பறித்த கைகள் பறித்துக்கொண்டே இருந்தன.

சிற்றன்னை முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். லயத்தின் பின்புறம் மூன்று பாத்திகளில் பீன்சும் முள்ளங்கியும் கொத்துமல்லியும் வளர்த்திருந்தார். நல்ல கருமண். ஆனால், சுற்றிலும் ஒரு வாழை மரம்கூட இல்லை. எருக்குழியும் கண்ணில் படவில்லை. காய் நறுக்கி முடித்ததும் தோல்களை வெளியே கொட்டப் போன எங்களைச் சிற்றன்னை தடுத்தார்.

"வெளியே கொட்டாதே தாயி. இங்கே வாசனைதான் விலாசம். கொட்டினா, ஆனைக்கு நாமே விலாசம் எழுதிப் போட்ட மாதிரி."

அது வெறும் அச்சமன்று. இப்பகுதி மக்கள் படையப்பா என்று பெயரிட்டழைக்கும் காட்டு யானை, 2023ஆம் ஆண்டில் மூணாறு ஊராட்சியின் கல்லார் குப்பைக் கிடங்கிற்கு வந்து காய்கறிக் கழிவைத் தின்றது. தேயிலைக்கு நடுவே தழை தேடுவதைவிடக் குவித்து வைத்த காய்கறியைத் தின்பது எளிது. யானைக்கு அது விளங்க எத்தனை நாள் ஆகும்? ஆனால், காய்கறியுடன் நெகிழித் தாளும் அதன் வயிற்றுக்குள் போய்விடக்கூடும். அதே ஆண்டில் சின்னக்கானலில் நியாயவிலைக் கடையை உடைத்து அரிசி உண்ணப் பழகியிருந்த அரிக்கொம்பனை ஏப்ரல் 29ஆம் நாள் மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு திங்களுக்குள் அது எல்லை கடந்து கம்பம் நகரத் தெருக்களில் ஓடிற்று. ஜூன் திங்களில் தமிழ்நாட்டு வனத்துறை அதை மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டது. மனிதரின் உணவு மணம் ஒரு காட்டுயிரின் வாழ்வைத் தலைகீழாக்கிய கதை அது. அச்சத்தால் உறங்காத இரவுகள் லயத்து மக்களுக்கு. தாய்க்காடு இழந்த துன்பம் யானைக்கு. இரு தரப்பும் இழந்தன.

இருட்டிய பின் சிற்றன்னை தம் முறையைக் காட்டினார். அடுப்படிக்குப் பக்கத்துத் திண்ணையில், சுவரோடு ஒட்டி இரண்டு பழைய நெகிழி வாளிகள். அடியிலும் பக்கங்களிலும் சிறு துளைகள். மேலே இறுக்கமான மூடி. மூடியின்மேல் ஒரு கல். அடியில் ஒரு தட்டு. வாளியின் அடியில் உலர்ந்த சில்வர் ஓக் இலை. அதன்மேல் சிறிது சாணம். அன்றைய தோலைப் பொடியாக நறுக்கி இட்டு, அது கண்ணுக்குத் தெரியாதபடி சருகால் மூடுகிறார். சோறு, குழம்பு, உப்பிட்ட கஞ்சி எதுவும் அதில் சேர்வதில்லை. சமைப்பதை அளந்து சமைத்து மிச்சத்தைக் குறைக்கிறார். பலாத் தோலும் வாழைத் தோலும் வந்தால் அன்றே நறுக்கிச் சருகுக்கு நடுவே புதைத்துவிடுகிறார். மூக்கை அருகில் வைத்துப் பார்த்தோம். மழை பெய்த மண்ணின் மணம் தவிர வேறில்லை.

"இப்படிச் செய்தால் யானை வராதா, சித்தி?" என்று கேட்டோம்.

"வரும், போகும். அது நடந்த வழி இது. நான் கூப்பிடல, அவ்வளவுதான் என் கையில இருக்கு" என்றார்.

மலைக்குளிரில் எரு மக்க நான்கு திங்கள் வரை ஆகிறதாம். கழிவு குறைவாகவும் குளிர் மிகுதியாகவும் இருந்தால் வாளிக்குள் சூடு எழுவதில்லை. ஆகவே அவர் வாளியைச் சாக்கால் சுற்றி, அடுப்படிச் சுவரின் வெப்பம் படும் இடத்தில் வைத்திருந்தார். இதை எந்த நூலிலிருந்தும் அவர் கற்கவில்லை.

ஊர் திரும்பியதும் பழைய குழியை முழுவதும் தோண்டிக் காலி செய்தோம். வண்டுப் புழுக்களைப் பொறுக்கி அழித்தோம். இனி நாங்கள் செய்துவரும் முறையைச் சொல்லுகிறோம். விரும்பும் குடும்பங்கள் தத்தம் இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்க.

தரையில் குழியே வேண்டாம். மூடியுள்ள இரண்டு பெரிய மண்பானைகளையோ வாளிகளையோ செங்கல்மேல் உயர்த்தி வையுங்கள். துளைகளை எலி நுழையாத சிறுகண் கம்பிவலையால் மூடுங்கள். ஒரு பங்கு பச்சைக் கழிவுக்கு இரண்டு பங்கு உலர்ந்த பொருள் இட வேண்டும்: சருகு, துண்டாக்கிய அட்டை, அல்லது பொள்ளாச்சிப் பக்கம் எளிதில் கிடைக்கும் தென்னை நார்க்கழிவு. இதன் காரணம் எளியது. மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு வரை வேண்டும். காய்கறித் தோலில் தழைச்சத்தும் நீரும் மிகுதி. சருகில் கரிச்சத்து மிகுதி. சருகு குறைந்தால் காற்று புகாமல் அழுகி நாற்றம் எழும். நாற்றம் எழுந்தால் ஈயும் எலியும் வரும். நார்க்கழிவு தனியே மக்குவது மிக மெதுவாக. ஆதலால் அதைச் சருகோடு கலந்தே இடுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும்; ஓரிரு துளிக்கு மேல் சொட்டலாகாது.

வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். ஒரு பானை நிறைந்ததும் அதை மூடி வைத்து மற்றதில் தொடங்குங்கள். எங்கள் வெயிலில் மூன்று திங்களில் எரு தயாராகிவிடுகிறது. கிளறும்போது தட்டையான, சாம்பல் பழுப்பு நிறப் புழுக்களைக் கண்டால் அஞ்ச வேண்டா. அவை பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈயின் குஞ்சுகள். கழிவைத் தின்று நமக்கு உதவுகின்றன. வில்லாக வளைந்த வெள்ளைப் புழுவே தென்னையின் பகை. பெரிய சாணக் குழி வைத்திருப்போர்க்கு, மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சையை இடுவதும், மலையாளிகள் பெருவலம் என்று சொல்லும் செடியைக் குழியில் கலப்பதும் கேரளத்தில் பரிந்துரைக்கப்படும் வழிகள். பழ ஈ துளைத்த பாகலையும் மாம்பழத்தையும் நேரே பானையில் இடாதீர்கள். நெகிழிப் பையில் கட்டிச் சில நாள் கடும் வெயிலில் வைத்த பின் இடுங்கள்.

இடம் மிகுதியாக உள்ள குடியிருப்புகளும் சங்கக் கட்டடங்களும் தும்பூர்முழி முறையைக் கைக்கொள்ளலாம். திருச்சூர் மாவட்டத்துத் தும்பூர்முழியில் உள்ள கால்நடைப் பண்ணையில் உருவான முறை அது. 4 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரமுள்ள, காற்றோட்டமான தொட்டியில் சாணம், சருகு, கழிவு என ஒவ்வொன்றும் 6 அங்குலம் அடுக்கடுக்காக இடுகிறார்கள். உள்ளே வெப்பம் 70 பாகை வரை ஏறுவதால் புழுவும் களைவிதையும் மாய்கின்றன. நிறைந்த தொட்டி 90 நாளில் எருவாகிறது.

நத்தைக்கு ஒரு சொல். மாலையில் ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் முட்டைக்கோசு இலையையும் பப்பாளி இலையையும் வைத்தால், இரவில் அவை அங்கே கூடும். கையுறையோடு பொறுக்கி, அடர்ந்த உப்புநீர் வாளியில் இட்டுக் கொன்று ஆழப் புதைக்க வேண்டும். புகையிலை வடிநீரும் துருசுக் கரைசலும் தெளிப்பதும் உண்டு. அதன் அளவைக் கிருஷி பவனில் கேட்டறிந்தே செய்க. ஆனால், ஒரு வீடு மட்டும் பொறுக்கிப் பயனில்லை. நத்தைக்கு வேலி ஏது?

அதனால்தான் வைகாசி முடிவில், முதல் மழை விழுந்த இரவில், டார்ச் விளக்கும் வாளியுமாகப் பெரியம்மா வீட்டு வாசலில் போய் நின்றோம். "உங்கள் பாத்தியிலும் நாங்கள் பொறுக்கித் தருகிறோம்" என்றோம். அவர் சற்று நேரம் எங்களைப் பார்த்தார். பிறகு உள்ளே சென்று தம் விளக்கையும் எடுத்துக்கொண்டு வந்தார். பதினைந்து இரவுகள் இரு வீட்டாரும் சேர்ந்து பொறுக்கினோம். முதல் இரவில் வாளி நிறைந்தது. கடைசி இரவில் ஏழு நத்தைகளே கிடைத்தன. முற்றும் ஒழிந்தன என்று சொல்ல மாட்டோம். அடுத்த மழைக்கும் பொறுக்கத்தான் வேண்டும்.

முதல் பானையில் விளைந்த எருவைச் சலித்து ஒரு முறத்தில் கொண்டுபோய் அவர் பாத்தியில் இட்டோம். ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தவர், "காப்பித்தூளாட்ட இருக்குதே கண்ணு" என்றார். அந்த மண்ணில் அவர் மீண்டும் மிளகாய் நாற்று நட்டார். ஆடியில் ஒரு நாள் காலை, வேலிச் சந்திலிருந்த முள் அகற்றப்பட்டிருந்தது. அங்கே ஒரு கிண்ணத்தில் பச்சை மிளகாய் இருந்தது.

வாடகை வீட்டு மண்ணுக்கு ஏன் உழைக்க வேண்டும், நாளை வேறு ஊர் போய்விடுவோமே என்று நண்பர் சிலர் எங்களைக் கேட்கிறார்கள். மூணாற்றுத் தேயிலை மண்ணைத் திருத்தியவர் எவருக்கும் அது சொந்த மண் அன்று. நாம் போன பின்னும் பெரியம்மா அங்கே இருப்பார். எங்கள் வீட்டுக்கு அடுத்து வரும் குடும்பமும் இருக்கும். குடிபெயர்ந்து வாழும் நாம், இருக்கும் இடத்தின் மண்ணைக் கெடுக்காமலும், இயன்றால் சற்றே வளமாக்கியும் விட்டுச் செல்வோமாக. அதற்கு இரண்டு பானையும் ஒரு கூடைச் சருகும் போதும்.